சமையல் பண்ற கையில கரப்பான் (எக்ஸிமா): மதுரை டிபன் வீடு ஒண்ணுல நடந்தது

பின்னணி

மதுரையில வைகைக்கு வடகரைப் பக்கம் எங்க தெருவுல ஒரு அக்கா வீட்ல இருந்தே டிபன் போட்டு விக்கிறாங்க. நாப்பதைத் தாண்டுன வயசு. காலையில இட்லி தோசை, சாயங்காலம் சால்னா, முகூர்த்த மாசம் வந்தா அம்பது அறுபது பேருக்கு ஆர்டர் சமையல். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுறார், மாமியார் இருக்காங்க, பையன் காலேஜ், பொண்ணு பிளஸ் டூ. நான் நர்ஸா வேலை பார்க்குறவ, அதனால தெருவுல யாருக்கு என்னன்னாலும் முதல்ல என்கிட்ட காட்டுறது வழக்கம். அக்கா சம்மதத்தோடதான் எழுதுறேன், ஆள் அடையாளம் தெரியுற விஷயங்களை எடுத்துட்டேன்.

பின்னாடி முக்கியமான ஒரு தகவல் இருக்கு, அதை இங்கயே சொல்லிடுறேன். அக்காவுக்குச் சின்ன வயசுல முழங்கை மடிப்புலயும் முட்டிக்குப் பின்னாடியும் கரப்பான், அதாவது தோல் அரிச்சுச் சிவந்து சொரசொரன்னு ஆகுற எக்ஸிமா, இருந்திருக்கு, பத்து வயசு வாக்குல தானா போயிருச்சு. இது அவங்களுக்கே ஞாபகம் இல்ல, ஊர்ல இருந்து வந்த அவங்க அம்மாதான் சொன்னாங்க. சின்ன வயசுல கரப்பான் இருந்தவங்க பெரியாளானதும் தண்ணியிலயே கை போட்டு வேலை செஞ்சா கையில எக்ஸிமா வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம். தோல் வெளியில சரியான மாதிரி தெரிஞ்சாலும் அதோட காப்பு கொஞ்சம் பலவீனமாவே இருக்கும்.

முதல் அஞ்சு மாசம்: மெடிக்கல் ஷாப் க்ரீம்

ஆரம்பம் ஆவணி முகூர்த்தத்துல. மோதிர விரல்ல மோதிரத்துக்கு அடியில அரிப்பு, அப்பறம் விரலிடுக்குல சிவந்து சின்னச் சின்ன நீர்க்கொப்புளம், அது உடைஞ்சு தோல் உரிஞ்சு, கார்த்திகை வர்றதுக்குள்ள ரெண்டு கையும் சொரசொரன்னு ஆயிருச்சு. மார்கழியில வெடிப்பு விட்டு ரத்தம் கசிய ஆரம்பிச்சதும் மாவுல கை வைக்கவே அவங்களுக்குப் பயம். அதை விடப் பெரிய பயம் வாங்க வர்றவங்க கையைப் பார்த்துட்டா என்ன செய்யுறதுன்னு. முந்தானையில மறைச்சுக்கிட்டே பார்சல் கட்டுனாங்க. எக்ஸிமா ஒட்டுவாரொட்டி இல்ல, தொட்டாலும் பரவாது, ஆனா அதைத் தெருவுக்கு யார் எடுத்துச் சொல்றது.

மெடிக்கல் ஷாப்ல கேட்டு ஒரு டியூப் வாங்குனாங்க. அதுல ஸ்டீராய்டு, படைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து மூணும் சேர்ந்து இருந்துச்சு. போட்டா மூணு நாள்ல அடங்கும், விட்டுருவாங்க, அடுத்த வாரம் திரும்பி வரும், மறுபடி போடுவாங்க. 2018லயே ஸ்டீராய்டு க்ரீம் பலதையும் ஷெட்யூல் எச்ல சேர்த்தாச்சு, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாது, ஆனா கவுண்டர்ல நடக்குறது நமக்குத் தெரிஞ்சதுதானே. இந்த மூணும் கலந்த டியூப்ல ரெண்டு சிக்கல் உண்டு. நிஜமாவே படையா இருந்தா ஸ்டீராய்டு அதை அமுக்கி உருவத்தையே மாத்திரும், பார்க்குற டாக்டருக்கும் குழப்பம். படை இல்லன்னா தேவையில்லாத மருந்து ரெண்டு தினமும் தோல்ல ஏறுது, அதுல சிலதுக்கு, குறிப்பா நியோமைசினுக்கு, அலர்ஜி வர்றது அபூர்வம் இல்ல.

இது போக வீட்டு வைத்தியம். மாமியார் குப்பைமேனி இலையை உப்பும் மஞ்சளும் வச்சு அரைச்சுப் போட்டாங்க. வெடிச்ச தோல்ல உப்புப் பட்டா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல, அன்னைக்கு ராத்திரி அக்கா தூங்கவே இல்ல. கத்தரிக்கா, கருவாடு, முட்டை எல்லாம் கரப்பான் பண்டம்னு நிறுத்தியாச்சு. மாசக்கணக்கா சாப்பிடாம இருந்தும் கையில ஒரு மாத்தமும் இல்ல. மாமியார் மேல குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, ராத்திரி எல்லாரும் தூங்குனப்பறம் மருமக கைக்குத் தேங்காண்ணெய் தேச்சு விட்டதும் அவங்கதான். அந்த எண்ணெய் பரவாயில்ல, கெடுதல் பண்ணல.

கையை உத்துப் பார்த்தப்ப தெரிஞ்சது

தை மாசம் என்கிட்ட காட்டுனாங்க. ரெண்டு கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தப்ப ஒரே வியாதி மாதிரி தெரியல. விரலிடுக்கு, புறங்கை, மோதிரம் போடுற இடம் எல்லாம் ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி. ஆனா இடது கையில மட்டும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணோட நுனியும் தடிச்சு, காய்ஞ்சு, பிளந்து கிடந்துச்சு. வலது கை நுனிகள் கிட்டத்தட்ட சுத்தம். அக்கா வலது கைக்காரங்க. வேலை அதிகம் செய்யுற கை வலதுன்னா அதுதானே மோசமா இருக்கணும்?

"இடது கையில அந்த மூணு விரலாலயே எதைப் புடிப்பீங்க அக்கா?"ன்னு கேட்டேன். யோசிச்சுட்டு, "பூண்டு உரிக்கிறப்ப, நறுக்குறப்ப புடிக்கிறது"ன்னாங்க. சால்னாவுக்கும் ஆர்டர் பிரியாணிக்கும் கிலோ கணக்குல பூண்டு. கத்தி வலது கையில, பல்லு இடது கையில. பூண்டு அலர்ஜி சமையல்காரங்களுக்கு இப்படி, பல்லைப் புடிக்கிற விரல் நுனியிலதான் வரும்னு தோல் டாக்டர்கள் நல்லா அறிஞ்ச விஷயம்.

அதுக்கப்பறம் ஒரு லீவு நாள் காலையில நாலரை மணியில இருந்து அவங்க அடுப்படியில உக்காந்து கையில தண்ணி படுறதை நோட்டுல கோடு போட்டேன். கிரைண்டர் கல்லு கழுவுறது, மாவைக் கையால வழிக்கிறது, இட்லித் துணி நனைச்சுப் பிழியுறது, சட்னிக்கு மிளகாய் கிள்ளுறது, காசு வாங்குனதும் கை கழுவுறது, நடுநடுவுல கம்பி நாரும் பார் சோப்பும் வச்சுப் பாத்திரம் விளக்குறது. காலை பத்து மணிக்குள்ள முப்பதைத் தாண்டிருச்சு. ஜெர்மனியில வேலையிடப் பாதுகாப்பு விதியில ஈர வேலைக்கு ஒரு அளவு வச்சிருக்காங்க, ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல கை ஈரத்துல இருந்தாலோ அடிக்கடி கழுவ வேண்டியிருந்தாலோ அது தோலுக்கு ஆபத்தான வேலைன்னு கணக்கு. அக்கா அந்த ரெண்டு மணி நேரத்தை விடியுறதுக்குள்ளயே முடிச்சுடுறாங்க.

இதைச் சொன்னப்ப வீட்ல யாருக்கும் ஏறல. "தண்ணியில என்னத்தா இருக்கு, எல்லாப் பொம்பளையும் தானே பாத்திரம் விளக்குறா"ன்னு மாமியார். நியாயமான கேள்விதான். தோலோட மேல் அடுக்கு எண்ணெய்ப்பசையாலதான் தண்ணியை உள்ள புடிச்சு வச்சிருக்கு. சோப்பு அந்தப் பசையைக் கழுவி எடுத்துரும், வேலை இல்லாத நேரத்துல தோல் அதைத் திரும்பச் சேர்த்துக்கும். சேர்த்துக்க நேரமே குடுக்காம நாள் முழுக்கக் கழுவுனா சேமிப்பு தீர்ந்துரும், சின்ன வயசுல கரப்பான் இருந்த தோலுக்கு இன்னும் சீக்கிரம் தீரும்.

டாக்டர் பார்த்தது

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனேன். முதல்ல தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க, படை இல்லன்னு உறுதி ஆச்சு. பாதத்தையும் முட்டியையும் தலையையும் பார்த்து, செதில் செதிலா உரியுற சோரியாசிஸும் இல்லன்னாங்க. இந்த ரெண்டையும் பார்க்காம கையில வர்ற எல்லாத்தையும் எக்ஸிமான்னு நினைச்சு வீட்லயே வைத்தியம் பண்றது சரியில்ல.

உள்ளங்கைத் தோல் தடிப்புங்குறதால கொஞ்சம் வீரியமான ஸ்டீராய்டு ஆயின்மென்ட் எழுதுனாங்க. ராத்திரி ஒரு வேளை, ரெண்டு வாரம், அப்பறம் வாரத்துக்கு ரெண்டு நாள், அப்பறம் வந்து காட்டணும். அளவு எப்படின்னா, டியூப்ல இருந்து ஆள்காட்டி விரலோட கடைசிக் கணு நீளத்துக்கு ஒரு கோடு பிதுக்கணும், அது கிட்டத்தட்ட அரை கிராம், ஒரு கைக்கு முன்னும் பின்னும் சேர்த்து அது போதும். அப்ப ரெண்டு கைக்கு ஒரு ராத்திரிக்கு ஒரு கிராம். அக்கா முன்னாடி பதினஞ்சு கிராம் டியூபை மூணு மாசம் ஓட்டிருக்காங்க, கடுகளவு தொட்டு வெடிச்ச இடத்துல மட்டும் வச்சு. ஸ்டீராய்டுன்னா பயம், அதனால கொஞ்சமா போடுறது, கொஞ்சமா போடுறதால அடங்காது, அடங்காததால மாசக்கணக்கா போடுறது. பயந்து பண்ணதுலயே பயந்ததுதான் நடந்துச்சு.

சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை டாக்டர் அப்பவே எடுத்துட்டாங்க. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல தடிப்பு, வீக்கம்னு வந்ததில்லன்னா கத்தரிக்காயை நிறுத்தி ஒரு பிரயோஜனமும் இல்லன்னாங்க. அன்னைக்கு வீட்ல கருவாட்டுக் குழம்பு.

வீட்ல எடுத்த முடிவுகள், ஏன் எடுத்தோம்

மருந்தை விட இதுலதான் நேரம் போச்சு, சண்டையும் வந்துச்சு.

பாத்திரம் முதல்ல. அக்கா கை ஆறணும்னா பாத்திரம் வேற யாராவது விளக்கணும், இது ஒண்ணுதான் பெரிய முடிவு. பையன் ராத்திரிப் பாத்திரத்தை எடுத்துக்கிட்டான், முதல் வாரம் முணுமுணுத்துட்டுத்தான். காலைப் பாத்திரத்துக்குப் பக்கத்துத் தெருவுல ஒரு அம்மாவை நாளுக்கு நூத்தம்பது ரூபாய்க்குப் பேசினோம். அந்தக் காசை வீட்டுக்காரர் ஒத்துக்கவே ரெண்டு வாரம் ஆச்சு, வெட்டிச் செலவுன்னார். ஒரு நாள் அக்கா வெடிப்பு தாங்காம ஆர்டர் ஒண்ணை விட்டாங்க, அதுல போன லாபத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு அவரே போய் அந்த அம்மாவைக் கூட்டிட்டு வந்தார்.

வேலைக்கு வந்த அம்மாவுக்கும் இதே கைதானேன்னு எனக்கு உறுத்துச்சு. அவங்களுக்கும் கிளவுஸும் ஒரு டப்பா வாசலினும் சேர்த்துத்தான் வாங்கி வச்சோம், கம்பி நாரை எடுத்துட்டு நீளக் கைப்பிடி பிரஷ் வாங்கினோம்.

அடுத்தது கிளவுஸ். முதல்ல வெறும் ரப்பர் கிளவுஸ் போட்டதுல இன்னும் மோசமாச்சு, மதுரை வெயில்ல அடுப்புக்குப் பக்கத்துல அதுக்குள்ள கை வெந்துரும், வேர்வையும் ஈரம்தானே. உள்ள மெல்லிசான காட்டன் கிளவுஸ், மேல வினைல்னு மாத்தினோம், இருபது நிமிஷத்துக்கு மேல ஒரே மூச்சா போடாம கழட்டிக் காய விடுறது, காட்டன் நனைஞ்சா உடனே மாத்துறது. காட்டன் கிளவுஸ் ஆறு ஜோடி வாங்கி தினமும் துவைச்சுக் காயப் போட்டாங்க. கிழிஞ்ச கிளவுஸ் போடுறதுக்குப் போடாமலே இருக்கலாம், சோப்புத் தண்ணி உள்ள போய் அங்கயே நிக்கும்.

கை கழுவுறதை நிறுத்த முடியாது, சோத்து வியாபாரம். பார் சோப்பால கை கழுவுறதை மட்டும் நிறுத்தியாச்சு, வாசனை இல்லாத, பிஎச் அஞ்சரை (தோலோட தன்மைக்கு ஒட்டுனது) போட்டிருக்க சோப்பு ஒண்ணு, வெதுவெதுப்பு கூட இல்லாத சாதாரணத் தண்ணி. சுடுதண்ணியில கழுவுனா அந்த நேரத்துக்கு அரிப்பு அடங்குன மாதிரி சுகமா இருக்கும், அதை விடத்தான் அக்காவுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. மோதிரம் கழட்டி சாமி படத்துக்கிட்ட போயிருச்சு, அதுக்கடியில சோப்பு தங்குறதுதான் அங்க முதல்ல ஆரம்பிச்சதுக்குக் காரணம். காசு வாங்குற வேலை மாமியாருக்குப் போனதால கழுவுற எண்ணிக்கையும் பாதியா குறைஞ்சுது.

மாய்ஸ்சரைசர் விஷயத்துல எந்தக் கம்பெனி நல்லதுன்னு எல்லாரும் கேக்குறாங்க. 2022ல இங்கிலாந்துல குழந்தைகளை வச்சு பெரிய ஆய்வு ஒண்ணு வந்துச்சு, லோஷன், க்ரீம், ஜெல், ஆயின்மென்ட் நாலையும் ஒப்பிட்டுப் பார்த்ததுல எதுவும் மத்ததை விடப் பெருசா ஜெயிக்கல, விடாம போடுறதுக்கு எது தோதுப்படுதோ அதுதான். அது கைக்குன்னு பண்ண ஆய்வு இல்ல, இருந்தாலும் அக்கா விஷயத்துல ஒத்துவந்துச்சு. பகல்ல பிசுபிசுப்பு இல்லாத கிளிசரின் க்ரீம், ஒவ்வொரு தடவை கழுவித் துடைச்சதும் பருப்பளவு, அடுப்படியில ஒண்ணு, கல்லாப் பக்கம் ஒண்ணு. ராத்திரி ஸ்டீராய்டு போட்டு அரை மணி கழிச்சு வாசனை இல்லாத வெள்ளை பாரஃபின் (வாசலின் வகை) கெட்டியா தடவி காட்டன் கிளவுஸ் மாட்டித் தூக்கம். யூரியா கலந்த க்ரீம் ஒருத்தங்க சொன்னாங்கன்னு வாங்கினாங்க, வெடிப்பு இருக்கப்ப அது எரியுது, ஆறுனப்பறம் தடிப்புக்கு உதவுச்சு. எல்லாம் சேர்த்து மாசம் நானூறு ரூபாய்க்குள்ள.

ஒரு எச்சரிக்கை, பாரஃபின் ஊறுன துணி சட்டுன்னு தீப்புடிக்கும். ராத்திரி போட்ட கிளவுஸோட காலையில அடுப்புப் பத்த வைக்கவே கூடாது. கையைக் கழுவித் துடைச்சுட்டுத்தான் அடுப்புக்கிட்ட போறதுன்னு கண்டிப்பா வச்சோம்.

பூண்டு கடைசி. ரப்பர் கிளவுஸ் போட்டா பூண்டுல இருக்க அலர்ஜி பண்ற சத்து அதையும் ஊடுருவி வந்துரும், அதனால கிளவுஸை நம்பாம பச்சைப் பூண்டை அக்கா தொடவே கூடாதுன்னு முடிவு. வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கிட்டே உரிச்சுக் குடுத்தார், மிக்ஸியில அரைச்சதைக் கரண்டியால அள்ளுறது. வெங்காயமும் அதே குடும்பம், சின்ன வெங்காயத்தை மாமியார் எடுத்துக்கிட்டாங்க.

அடுத்து நடந்தது

மாசியில வெடிப்பு மூடுச்சு, அரிப்பு குறைஞ்சு ராத்திரி தூக்கம் வந்துச்சு. பங்குனியில, எதுக்கு அலர்ஜின்னு கண்டுபிடிக்குற பேட்ச் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டாங்க. முதுகுல சின்னச் சின்ன வில்லையா ஒட்டி ரெண்டு நாள் நனைக்காம வச்சிருந்து, எடுத்ததும் ஒரு தடவை, இன்னும் ரெண்டு நாள் கழிச்சு ஒரு தடவை பார்ப்பாங்க. பூண்டுல இருக்க டைஅல்லைல் டைசல்ஃபைடுக்கு சிவந்து தடிச்சுது, மத்தது சுத்தம். வீட்ல பச்சைப் பூண்டை நசுக்கித் தோல்ல வச்சு யாரும் டெஸ்ட் பண்ணிப் பார்க்காதீங்க, அலர்ஜி இல்லாதவங்களுக்கே அது புண்ணாக்கிரும். வெந்த பூண்டைச் சாப்பிட அக்காவுக்குத் தடை இல்ல, சாப்பிடுறாங்க, ஒண்ணும் ஆகல.

கை பார்க்க சாதாரணமா ஆனதும், எதிர்பார்த்த மாதிரியே, எல்லாரும் தளர்ந்தாங்க. பாத்திரத்துக்கு வந்த அம்மா ஊருக்குப் போயிட்டாங்க, பையனுக்குப் பரீட்சை. அப்பதான் சித்திரைத் திருவிழா. அழகர் ஆத்துல இறங்குற நேரம் அன்னதான ஆர்டர் ரெண்டு சேர்ந்து வந்துச்சு, புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம். பூண்டே இல்லாத சமையல், அதனால பயமில்லன்னு நினைச்சாங்க. ஒரு ராத்திரி முழுக்க எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, புளி கரைச்சு, அண்டா கழுவி, க்ரீம் தடவ நேரமே இல்லாம போச்சு. மூணாம் நாள் விரலிடுக்குல கொப்புளம்.

இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்துச்சு, இடது கை விரல் நுனி மூணும் அப்படியே சுத்தமா இருந்துச்சு. ரெண்டு காரணமும் தனித்தனின்னு அதுலயே தெரிஞ்சு போச்சு. பூண்டு போனதால நுனி தப்பிச்சுது, ஈரமும் புளிப்பும் சோப்பும் திரும்பி வந்ததால மத்த இடம் மாட்டுச்சு. தோல் கண்ணுக்கு ஆறுனப்பறமும் அதோட பழைய பலம் வர நாலஞ்சு மாசம் ஆகும்னு டாக்டர் முன்னாடியே சொல்லிருந்தாங்க, அக்கா ரெண்டாவது மாசத்துலயே பழைய வேலைக்குப் போயிட்டாங்க. ஆனா முதல் தடவை மாதிரி மாசக்கணக்கா இழுக்கல. மறுநாளே எனக்குப் போட்டோ அனுப்பி, டாக்டர்ட்ட கேட்டுட்டு அதே ஆயின்மென்ட்டை முழு அளவுல ஆரம்பிச்சாங்க, வைகாசி பாதியில அடங்கிருச்சு.

இப்ப நிலைமை, மாத்த வேண்டியது

அதுக்கப்பறம் பெரிய வெடிப்பு இல்ல. மார்கழியில லேசா ஒரு தடவை திரும்ப வரும், ரெண்டு மூணு நாள் மருந்துல அடங்குது. பார்சல் கட்டுறப்ப முந்தானை வச்சு மறைக்கிறதில்ல. ஆர்டர் எடுக்குறதுக்கு முன்னாடி பாத்திரத்துக்கு ஆள் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் ஒத்துக்குறாங்க, கூலியை ஆர்டர் ரேட்டுலயே சேர்த்துட்டாங்க. எலுமிச்சைக்கு மரப் பிழிஞ்சான் வந்துருச்சு.

திரும்ப முதல்ல இருந்து செய்யுறதா இருந்தா, மோதிரத்துக்கு அடியில அரிப்பு வந்த அன்னைக்கே மோதிரத்தையும் பார் சோப்பையும் எடுத்திருக்கணும், அந்த மூணு கலந்த டியூபுக்குப் பதிலா டாக்டர்ட்ட ஒரு தடவை தோலைச் சுரண்டிப் பார்த்திருந்தா அத்தனை மாசமும் மிச்சம். இன்னொண்ணு, பாத்திரத்துக்கு மாத்து ஆள் ஒருத்தங்களை முதல்லயே பேசி வச்சிருக்கணும், ஒரே ஆளை நம்புனதாலதான் சித்திரையில சரிஞ்சுது. பொண்ணுக்கும் சின்னதுல முழங்கை மடிப்புல இதே கரப்பான் இருந்திருக்கு, அவ பியூட்டீஷியன் கோர்ஸ் சேரணும்னு சொல்றா. தலைக்கு ஷாம்பு போட்டு அலசுறது, டை கலக்குறதுன்னு அதுவும் நாள் முழுக்க ஈர வேலைதான். வேணாம்னு யாரும் சொல்லல, ஆனா முதல் நாள்ல இருந்தே டை போடுறப்ப கிளவுஸ், கழுவுனதும் க்ரீம்னு இப்பவே சொல்லிக் குடுத்துட்டு இருக்கோம்.

வீட்டோட நிறுத்தக் கூடாத நேரம்

மஞ்சளா பொறுக்கு கட்டுறது, சீழ், கை வீங்கி சூடா வலிக்கிறது, சிவப்பு கையில மேல ஏறுறது, காய்ச்சல் இதுல எது வந்தாலும் அன்னைக்கே டாக்டர்ட்ட போகணும். ஒரே அளவுல குழிக்குழியா புண்ணு கூட்டமா வந்து வலியும் காய்ச்சலும் இருந்தா அது ஹெர்பஸ் கிருமியா இருக்கலாம், ராத்திரியா இருந்தாலும் காத்திருக்காம போகணும். ஒரு கையில மட்டும் வந்து ரெண்டு பாதமும் உரியுதுன்னா படையான்னு பார்க்கச் சொல்லுங்க. எழுதிக் குடுத்த ஆயின்மென்ட்டை சரியான அளவுல ரெண்டு வாரம் போட்டும் அசையலன்னா இன்னொரு டியூப் வாங்காம திரும்பப் போய்க் காட்டுங்க, போறப்ப கிளவுஸ், சோப்பு, தடவுறது எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, அக்கா அப்படித்தான் போனாங்க.